துரை பங்களாவில் வளர்த்த கடல்

நீங்கள் ஒரு வீட்டுக்குத் தொட்டி பார்க்கப் போனால் பையைத் திறந்து முதலில் தண்ணீரைச் சோதிக்கிறீர்கள். சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து, உப்பு இவ்வளவு, கால்சியம் இவ்வளவு, காரம் இவ்வளவு என்று சொல்கிறீர்கள். வீட்டுக்காரரும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுகிறார். நல்லது, அப்படியே செய்யுங்கள். ஆனால் நான் இந்தத் தொழிலில் இருந்தவரை முதலில் சோதித்தது வீட்டுக்காரரைத்தான். கடல்மீன் தொட்டியில் தண்ணீர் தானாகக் கெடுவது குறைவு. அதைக் கெடுப்பதற்கென்று வீட்டில் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் தொட்டியை ஆசைப்பட்டு வாங்கியவரே அந்த ஆளாக இருப்பார்.

சுங்கை காடுட் மீன் கிடங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்கக் கூடாது. கேட்டால் நிறுத்த மாட்டான். அளவுகளும் அட்டவணைகளும் நான் எழுதப் போவதில்லை. அவை நீங்கள் வாங்கும் மருந்துப் பெட்டிக்குள்ளேயே அச்சடித்துக் கிடக்கின்றன. நான் பார்த்த முதல் தொட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அதில் ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு தேக்கரண்டியில் நின்றது.

அப்போது அவசரகாலம்; வெள்ளைக்காரன் ஆட்சி, காட்டுக்குள் பதுங்கிய கம்யூனிஸ்டுகளோடு சண்டை. மம்பாவ் தாண்டி உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் லேபு, அதாவது ஆய்வுக்கூட, உதவியாளன். மரத்துப் பாலில் ரப்பர் எவ்வளவு இருக்கிறது, அது உறையாமல் இருக்க அமோனியா எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. நானும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில் பிறந்தவன்தான். சிரம்பானில் படித்துவிட்டு அதே தோட்டத்துக்கு வெள்ளைச் சட்டையோடு திரும்பி வந்தேன். அதனால் லயத்து ஜனங்கள் நாலு பேர் முன்னால் என்னை ஐயா என்பார்கள்; தனியாக அகப்பட்டால் தம்பி என்பார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று அரிசி, சீனி, டின் மீன், உப்பு எல்லாமே அளந்துதான் கிடைத்தன. பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வேலிக்கு வெளியே எடுத்துப் போக முடியாது. கேட்டில் பெண்களின் கொண்டையைக்கூடக் கலைத்துப் பார்த்தார்கள். அளவுக்கு மேல் உப்பு வைத்திருந்தால், அது காட்டுக்குப் போகிற உப்பு என்று வைத்துக்கொள்வார்கள். அப்புறம் லாரியில் ஏற்றுவார்கள். ஏற்றப்பட்டவர் எப்போது திரும்புவார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த லட்சணத்தில்தான் எங்கள் துரைக்குக் கடல் வளர்க்கும் ஆசை வந்தது.

அவர் வாராவாரம் போர்ட்டிக்சன் கடலில் போய்க் குளித்துக்கொண்டிருந்தவர். பாதையில் சுடுகிறார்கள் என்றதும் அவர் போவது நின்றது. துரை கடலுக்குப் போக முடியாவிட்டால் கடல்தானே துரையிடம் வர வேண்டும். பங்களா வராந்தாவில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று முளைத்தது. போர்ட்டிக்சனிலிருந்து லாரியில் கடல்நீர் வந்தது, மீன்கள் வந்தன, பாறையோடு பெயர்த்த பவளமும் வந்தது. துரை தன் சுருட்டைக்கூட வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே மீன்கள் மல்லாந்துவிட்டன. கம்யூனிஸ்டுகள் விஷம் வைத்துவிட்டார்களா என்று துரைக்குச் சந்தேகம். என்னைக் கூப்பிட்டார்கள். கடல்நீர் வந்த பீப்பாய்க்குள் தலையை விட்டேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ரப்பர்ப்பால் ஏற்றும் பீப்பாய் அது. கழுவாமல் கடலை அதில் ஊற்றியிருக்கிறார்கள். மீன்கள் தோட்டத்து அமோனியாவில்தான் செத்திருந்தன. அதைச் சொன்னதும் அந்தக் கணமே நான் மீன் டாக்டராகிவிட்டேன். தொட்டிக்கு எது போகிறது என்பதைப் பார்ப்பதற்கு முன்னால் அது எதில் வந்தது என்று மோந்து பாருங்கள். இன்றைக்கும் அதுதான் வழி.

துரைக்குத் தமிழ் தெரியும். துரைமார்களுக்கென்று அந்தக் காலத்தில் ஒரு தமிழ் இருந்தது. அதில் நீங்கள், வாங்க, போங்க எதுவும் கிடையாது.

"நீ தினம் வா. மீன் பாரு. மீன் செத்தா உன் வேலையும் செத்தது," என்றார்.

தினமும் போனேன். காற்றுக்கு லாரி டயரின் உள்குழாயை ஊதிவைத்து அதிலிருந்து மெல்லக் கசியவிட்டோம். இரண்டாவது முறை வந்த மீன்கள் பிழைத்தன. பவளம் மட்டும் பிழைக்கவில்லை. நாளுக்கு நாள் வெளுத்து, கடைசியில் சுண்ணாம்பாக நின்றது. துரை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வெள்ளை ரொம்ப நல்லா இருக்கு," என்றார். அது செத்துப் போனதால் வந்த வெள்ளை என்று நான் சொல்லவில்லை. எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் நம் தொழிலில் ஒரு பாதி.

அப்புறம் தொடங்கியது பெரிய தொல்லை. வராந்தாவில் வெயிலும் காற்றும் பட்டுத் தொட்டித் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே கிடக்கிறது. ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உங்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நானும் துரையிடம் சொன்னேன்.

"கடல் மீனுக்கு மழைத்தண்ணியா? நீ பைத்தியம்," என்று சொல்லிவிட்டு, குறையக் குறையக் கடல்நீரையே ஊற்றினார். ஊற்ற ஊற்றக் கரிப்பு ஏறியது. தொட்டி மூடியின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பொருக்கு பூத்தது. மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்கின.

என்னிடம் கருவி ஏது? ஒரு சோதனைக் குழாயில் தூண்டில் ஈயத்தைப் போட்டு மெழுகால் வாயை அடைத்தேன். போர்ட்டிக்சனிலிருந்து புதிதாக வந்த நீரில் அதை மிதக்கவிட்டு, நீர்மட்டம் நின்ற இடத்தில் ஒரு கீறல் போட்டேன். தொட்டியில் விட்டால் அந்தக் கீறல் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. உப்பு கூடினால் மிதப்பு கூடும். துரையிடம் காட்டினேன். துரை மிதவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் சுருட்டைப் பற்றவைக்க வெளியே போய்விட்டார்.

அவரை வழிக்குக் கொண்டுவந்தது பக்கத்துத் தோட்டத்துத் துரைதான். அவர் ஒருநாள் வந்து தொட்டியைப் பார்த்து, "சமையல்கட்டு உப்பைக் கரைத்துவிட்டுக் கடல் என்கிறாயா?" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போனார். எங்கள் துரை சாப்பிடவில்லை. வீட்டுக்காரரைச் சோதிப்பது என்று சொன்னேனே, அது இதுதான். மீன் செத்தால் அவர் இன்னொரு மீன் வாங்குவார். தன் கடலை யாராவது பொய் என்றால் அவரால் தாங்க முடியாது. நான் மெதுவாகச் சொன்னேன், "துரை, நிஜக் கடல் இவ்வளவு கரிக்காது. அந்தத் துரை அடுத்த தடவை விரலை விட்டு ருசி பார்த்தா, உப்பு அள்ளிப் போட்டதாத்தான் சொல்லுவாரு."

அன்றைக்கே உத்தரவு வந்தது. தொட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீரை எடுத்துவிட்டு மழைத்தண்ணீர் ஊற்றலாம். எடுத்த நீரை மட்டும் பங்களாப் புல்லில் கொட்டக் கூடாது, புல் கருகும். பின்பக்கச் சாக்கடையில் கொட்ட வேண்டும்.

வாளியைத் தூக்கிப் போய்க் கொட்டியது பாக்கியம் அக்கா. பங்களாவில் துணி துவைப்பவர். அவர் வீட்டுக்காரர் பால் வெட்டுகிறார், இரண்டு பிள்ளைகள். வாயில் எப்போதும் ஒரு பேச்சு இருக்கும். அந்தப் பேச்சு எப்போதும் யாரையாவது குத்தும். ஒருநாள் வாளியை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"தம்பி, இதக் காய்ச்சுனா உப்பு வருமா?"

"வரும்க்கா. ஆனா கசக்கும். அடியில கொஞ்சம் தண்ணி இருக்கும்போதே இறக்கி, அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டிட்டா கசப்பு கொறையும்."

"கொட்றதா? சும்மா இரு தம்பி. எங்க லயத்து மாமரம் இந்த வருசம் பேய் மாதிரி காய்ச்சிருக்கு. ஊறுகா போட உப்பில்ல. கடையில அளந்து குடுக்கறது கொழம்புக்கே பத்தல. மீனுக்குக் கடலே லாரியில வருதுலா, நம்ம மாங்காய்க்குச் சாக்கடைத் தண்ணியாவது கெடைக்கட்டும்."

அப்படியே செய்தார். ஒரு சொட்டு வீணாக்காமல் அடிவரை காய்ச்சினார். அதனால் அவருக்குக் கிடைத்தது சாம்பல் நிறத்தில், எப்போதும் ஈரமாக, நாக்கில் வைத்தால் கசக்கிற ஒரு உப்பு. அதை ஒரு ஜாடியில் சேர்த்து அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்திருந்தார்.

ஒரு காலை, ஆட்கள் பால் வெட்டப் போன பிறகு, போலீஸ் லயத்தைச் சோதனை போட்டது. ஜாடி அகப்பட்டது. நான் ரப்பர்ப்பால் சேரும் ஸ்டோரிலிருந்து ஓடி வந்தபோது பாக்கியம் அக்கா ஏற்கெனவே லாரியின் பின்னால் உட்கார்ந்திருந்தார். சின்னப் பிள்ளை கீழே நின்று அழுதுகொண்டிருந்தது. மீன் தொட்டித் தண்ணீரைக் காய்ச்சியதாக அவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். கார்ப்பரல் சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டிருந்தார்.

"மீனு ஒனக்கு உப்பு குடுத்துச்சா? பொய் சொன்னாலும் நல்ல பொய்யாச் சொல்லுலா," என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொல்லியிருந்தால் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எப்போதும் பேசுகிற அந்த வாய் அன்று என்னைக் காப்பாற்றுவதற்காக மூடியிருந்தது.

சோதனைக்கு வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் பங்களாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்ததும் லாரி புறப்படும். நான் பங்களாவுக்குப் போனேன். தொட்டி பார்க்கும் நேரம்தான், யாரும் தடுக்கவில்லை. வராந்தாவில் துரையும் இன்ஸ்பெக்டரும். மேசையில் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் அந்த ஜாடி. இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். கெமாஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

அவர் துரையைக் கேட்டார், "அந்தப் பொம்பளை ஒங்க தொட்டித் தண்ணின்னு சொல்றா. தொட்டித் தண்ணி லயத்துக்குப் போகுதா?"

துரை கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "சாக்கடைக்குப் போவுது. லயம் எனக்குத் தெரியாது," என்றார்.

பாருங்கள், அவர் சொன்னதில் ஒரு எழுத்து பொய்யில்லை. தன் பங்களாவிலிருந்து உப்பு வெளியே போனது என்று ஊருக்குத் தெரிந்தால் அவமானம். அந்த அவமானத்தைவிட ஒரு துணி துவைக்கிறவள் உள்ளே போவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான்தான் தண்ணீரைக் கொடுத்தேன் என்று சொல்லலாம். லாரியில் இரண்டு பேர் ஆவோம், அவ்வளவுதான். காலில் விழலாம், துரைக்கு அது பழகிய காட்சி. கடல் உப்பு கசப்பது அதிலுள்ள மெக்னீசியத்தால் என்று விளக்கலாம். இன்ஸ்பெக்டர் கோப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்திருப்பார். கோப்பையில் தேநீர் பாதிக்குக் கீழே போய்விட்டது. அந்த வராந்தாவில் எல்லோரும் நம்பக்கூடிய சாட்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது துரையின் வாய். அதைத் திறக்க எது சரியான மருந்து என்று எனக்குத் தெரியும்.

தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, போகிற போக்கில் சொல்வது மாதிரி சொன்னேன்.

"அவ எந்த உப்பக் காய்ச்சியிருந்தா என்னங்கய்யா, எல்லாம் கடை உப்புதான். இந்தத் தொட்டியிலயே கடை உப்பத்தான் கரைச்சு விட்டிருக்குன்னு பக்கத்துத் தோட்டத்துல சொல்லிக்கிறாங்க."

இன்ஸ்பெக்டரின் கோப்பை உதட்டுக்கு அருகே நின்றது. அவர் தொட்டியை முதல்முறையாகப் போலீஸ்காரர் கண்ணோடு பார்த்தார்.

"அப்படின்னா இதுக்குள்ள எவ்வளவு ரேஷன் உப்பு இருக்கும்?" என்றார்.

துரை எழுந்தார். முகம் மிளகாய்ப் பழம். அவருக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும், ஆங்கிலம் வந்துவிடும். இது போர்ட்டிக்சன், ஒவ்வொரு சொட்டும் போர்ட்டிக்சன், எந்த மடையன் சொன்னான் என்று கத்தினார். தேக்கரண்டியை எடுத்து மூடி ஓரத்து உப்புப் பொருக்கைச் சுரண்டினார். தன் நாக்கில் வைத்தார். முகம் அஷ்டகோணலானது, ஆனால் அந்தக் கோணலிலும் வெற்றி தெரிந்தது. மறுபடியும் சுரண்டிக் கரண்டியை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"ருசி பாருங்கள். கசக்கிறதா? கடை உப்பு இப்படிக் கசக்குமா? இதுதான் கடல்."

இன்ஸ்பெக்டர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு யாரும் சொல்லாமலே ஜாடியைத் திறந்து அதிலிருந்து ஒரு துளி எடுத்து வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை மூடிப் பொருக்கு. இன்னொரு முறை ஜாடி.

"இந்தக் கடல் தோட்டத்துல வேற யார்கிட்டயாவது இருக்கா?" என்று அமைதியாகக் கேட்டார்.

"நெகிரி செம்பிலான் மாநிலம் முழுக்கத் தேடினாலும் வேறு யாரிடமும் கிடையாது," என்றார் துரை. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. வாய் திறந்தபடியே இருந்தது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அதுதான் அவர் பெரிய மனுஷத்தனம். தொப்பியை மாட்டிக்கொண்டு படியில் நின்ற கார்ப்பரலிடம், "அந்தம்மாவ எறக்கி விடு," என்றார். 'அந்தப் பொம்பளை' அந்தம்மா ஆகிவிட்டதை நான் கவனித்தேன். கடல்நீர் ரேஷன் சட்டத்துக்குள் வருமா, காய்ச்சிய கடல்நீர் வருமா என்று மேலே கேட்டு எழுதினால் தன்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள் என்றும் சொன்னார். இனிமேல் பழைய தண்ணீரைக் கொட்டும்போது ஒரு காவல்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கடைசியாக ஜாடியைத் தூக்கித் துரையின் கையில் வைத்தார்.

"ஒங்க கடல்லேர்ந்து வந்தது. லயத்துல விட்டுட்டுப் போக முடியாது. நீங்களே வச்சுக்குங்க."

இன்ஸ்பெக்டரின் ஜீப் புறப்பட்டது. துரை ஜாடியோடு நின்றார். யார் மேல் காட்டுவது என்று தெரியாத கோபம் அவருக்கு. நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. மூடியைத் தள்ளிவிட்டு ஜாடியை அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தார்.

"துரை, வேணாம். உப்பு இப்பத்தான் எறங்கியிருக்கு. மீன் தாங்காது," என்றேன்.

"என் கடல். என் உப்பு. நீ போ."

தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. மழைத்தண்ணீர் வாளியைக் கொண்டு ஓடினேன்; தொட்டால் சுடுவேன் என்றார். மிதவை மட்டும் உள்ளே கிடந்தது. நான் போட்ட கீறல் நீருக்கு மேலே வெகு உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை மீன்கள் எல்லாம் மேலே கிடந்தன.

உத்தரவு உத்தரவுதானே. தண்ணீர் மாற்றும் நாளில் காவல்காரர் ஒருவர் துப்பாக்கியோடு வந்தார். தொட்டி காலி, கொட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னோம். தனக்கு வந்த உத்தரவு சாக்கடைப் பக்கத்தில் நிற்பது என்று சொல்லிவிட்டு நின்றார்.

உங்கள் பைகளில் இன்று எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது. வீட்டுக்காரரின் வீம்பு எவ்வளவு என்று காட்ட ஒரு சொட்டு மருந்து இன்னும் வரவில்லை. அது வரும்வரை கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த வீம்பை நல்லதுக்கும் பயன்படுத்தலாம், ஒரு தடவை. இரண்டாவது தடவை அது யாரைக் கொல்லும் என்று சொல்ல முடியாது.

மீன் செத்த அன்று காலை, அவற்றை வாளியில் அள்ளிக்கொண்டு நான் பின்பக்கம் வந்தபோது பாக்கியம் அக்கா துணி அலசிக்கொண்டிருந்தார். லாரியில் உட்கார்ந்துவிட்டு வந்த மறுநாளே வேலைக்கு வந்திருந்தார். வராமல் இருக்க அவருக்கு வசதியில்லை. வாளிக்குள் எட்டிப் பார்த்தார். என்ன ஆனது என்று நான் சொன்னேன். துணியைப் பிழிந்து கல்லின் மேல் வைத்தார்.

"நறுக்கி வச்ச மாங்கா எல்லாம் உப்பில்லாம அழுகிப் போச்சு தம்பி, காலையிலதான் கொட்டுனேன். அந்த உப்ப எங்கிட்டயே விட்டிருந்தா மாங்காயும் பொழைச்சிருக்கும், அவன் மீனும் பொழைச்சிருக்கும்," என்றார்.

அடுத்த துணியை எடுத்துக் கல்லில் அடிக்கத் தொடங்கினார்.